துகளே இல்லாத குப்பி: திரவப் படிகத்தில் தங்க நானோ துகள்களை விரவ முயன்ற ஐந்து மாதங்கள்

இருபத்தோராம் நாள் காலையில் பதினான்காம் எண் குப்பியை எடுத்து 45 டிகிரி செல்சியஸில் இருந்த சூட்டு மேடைமீது வைத்தேன். அறை வெப்பநிலையில் சேறு கரைத்த பாலைப்போலக் கலங்கி நின்ற திரவம், ஓரத்தில் தொடங்கி உள்நோக்கித் தெளிந்துகொண்டே வந்து, ஒரு நிமிடத்துக்குள் மறுபக்கத்து எழுத்தைப் படிக்கும் அளவுக்குத் தெளிவான அடர்சிவப்பாக மாறியது. குப்பியைச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் கரும்புள்ளி இல்லை, சுவரில் ஊதாக் கறை இல்லை. இதற்கு முன் செய்த பதிமூன்று கலவைகளில் பதினொன்று முதல் வாரத்தைத் தாண்டவில்லை என்பதால், எதை எங்கே தவறவிட்டேன் என்பதை மறக்குமுன் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

திரவம்போல் ஓடினாலும் படிகம்போல் மூலக்கூறுகள் ஒழுங்காக நிற்கும் பொருள்தான் திரவப் படிகம்; நான் எடுத்துக்கொண்டது 5சிபி. 1973இல் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரே குழுவினர் அறிவித்த சயனோபைஃபினைல் குடும்பத்தைச் சேர்ந்த இது, அறை வெப்பநிலையில் மூலக்கூறுகள் ஒரே திசை நோக்கும் நெமாட்டிக் நிலையிலும், சுமார் 35 டிகிரிக்கு மேல் சாதாரணத் திரவம்போல் திசையொழுங்கற்ற ஐசோட்ரோபிக் நிலையிலும் இருக்கும். கையாள எளிது, சூடாக்கவும் குளிர்விக்கவும் பெரிய கருவி வேண்டியதில்லை. துகள்களாக, தொடெக்கேன்தயால் மேலுறை கொண்ட தங்கத் துகள்களை 1994ஆம் ஆண்டின் புருஸ்ட் குழுவினரின் இருநிலைத் தயாரிப்பு முறையில் நாங்களே செய்துகொண்டோம்; எலக்ட்ரான் நுண்ணோக்கியில் விட்டம் சுமார் 4 நானோமீட்டர். தங்கத்தைத் தேர்ந்ததற்கு ஒரே காரணம் நிறம். துகள்கள் தனித்தனியாக இருந்தால் சிவப்பு, ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கினால் ஊதா, பிறகு நீலக் கருமை. விரவல் கெடுவதைக் கண்ணாலேயே பார்க்க முடிகிற பொருள் வேறு அதிகம் இல்லை.

இலக்கு எடையில் 0.1 சதவீதம், அதாவது 1 கிராம் 5சிபிக்கு 1 மில்லிகிராம் துகள். கேட்பதற்குச் சொற்பம், ஆனால் 4 நானோமீட்டர்த் துகளாகக் கணக்கிட்டால் அந்த ஒரு மில்லிகிராம் தங்கத்தில் ஏறத்தாழ 1.5 ஆயிரம் இலட்சம் கோடி துகள்கள் உள்ளன, அவை சீராகப் பரவி நின்றால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 90 நானோமீட்டர்தான் இடைவெளி. நெமாட்டிக் நிலையில் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே திசையில் படுத்திருக்கின்றன. அந்த ஒழுங்குக்குள் நுழையும் அந்நியத் துகளை அவை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். நெமாட்டிக்கில் காந்தத் துகள்களைக் கலந்தால் என்னவாகும் என்று பிரெஞ்சு இயற்பியலாளர்கள் புரோஷாரும் தெ ஜென்னும் 1970இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். அப்படிப்பட்ட நிலையான காந்தக் கலவையை ஸ்லோவேனியாவின் லுப்லியானா நகர ஆய்வாளர்கள் அறிவித்தது 2013இல். தாளுக்கும் குப்பிக்கும் நடுவே நாற்பத்து மூன்று ஆண்டுகள் என்பதை அறிந்த பிறகு என் ஐந்து மாதம் அவ்வளவாக உறுத்தவில்லை.

முதல் முயற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உலர்ந்த துகளை நேராக நிறுத்து 5சிபியில் போட்டுக் காந்தக் கலக்கியில் 45 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுற்றினேன். தராசின் கடைசி இலக்கம் 0.1 மில்லிகிராம், 1 மில்லிகிராமை அதில் நிறுத்தால் பத்தில் ஒரு பங்கு பிழை அங்கேயே வந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய தவறு, துகளை உலர்த்தியது. ஒருமுறை உலர்ந்து பொடியான துகள்கள் பழைய நிலைக்கு முழுமையாகப் பிரியவில்லை; கரும்பொட்டுகளாகவே மிதந்தன. உலர் நானோ பொடி காற்றில் பறந்து மூக்கில் ஏறும் ஆபத்தும் உண்டு. அதன்பின் துகள்களை அவை கரைந்திருக்கும் கரைப்பானான டொலுவீனிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.

இரண்டாம் கட்டத்தில் டொலுவீனில் இருப்புக் கரைசல் ஒன்றைத் தயாரித்தேன். எடை தெரிந்த மூன்று குப்பிகளில் தலா 1 மில்லிலிட்டரை ஆவியாக்கி நிறுத்தபோது சராசரி 2.1 மில்லிகிராம் வந்தது. இது மேலுறையையும் சேர்த்த எடை. ஆகவே 1 கிராம் 5சிபியில் 0.5 மில்லிலிட்டர் ஊற்றினால் ஏறக்குறைய இலக்கை எட்டலாம். டொலுவீன் கலந்ததும் 5சிபி அறை வெப்பநிலையிலேயே தெளிவாகிவிடுவதால் கலப்பது எளிதாக இருந்தது. இங்கே ஆர்வக்கோளாறில், மீயொலியால் அதிர்த்துக் கலக்கும் கருவியான சோனிகேட்டரில் முனைவகையை நேரடியாகக் குப்பிக்குள் இறக்கினேன். பத்து நிமிடத்தில் குப்பி தொட முடியாத சூடாயிற்று, மூடியருகே டொலுவீன் ஆவி வீசியது, மறுநாள் அடியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய படிவு தெரிந்தது. அது தங்கம் அல்ல. முனையின் டைட்டானியம் உலோகக்கலவை அரிந்து உதிர்ந்த தூள். பல காலமாகப் புழங்கிய முனையைத் தேய்ந்த மேற்பரப்புடன் பயன்படுத்தியது என் கவனக்குறைவு. பிறகு தொட்டிவகை சோனிகேட்டருக்கு மாறினேன். அதிலும் நீர் அரை மணி நேரத்தில் 25 டிகிரியிலிருந்து 41 டிகிரிக்கு ஏறிவிடுகிறது என்பதால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திப் பனிக்கட்டி போட வேண்டியிருந்தது.

டொலுவீனை வெளியேற்ற, ஆவியை உறிஞ்சி வெளியே அனுப்பும் ஃபியூம் ஹூடுக்குள் 60 டிகிரியில் குப்பியை வைத்து, மேலே நைட்ரஜனை மெதுவாக ஊதவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். கிடைத்தது அழகான கலவை. சூடாக்கினால் சிவப்பு, நுண்ணோக்கியில் ஒரு புள்ளிகூட இல்லை. கலங்கல் நீங்கி ஐசோட்ரோபிக்காகத் தெளியும் வெப்பநிலையை, அதாவது தெளிவு வெப்பநிலையை, அளந்தபோது தூய 5சிபிக்கு 35.1 டிகிரி வந்த இடத்தில் இதற்கு 33.4 வந்தது. துகள்கள் திரவப் படிகத்தின் ஒழுங்கைக் குலைக்கின்றன என்று குறிப்பேட்டில் எழுதி இரண்டு கோடும் போட்டுவிட்டேன். அடுத்த இரண்டு வாரம் 0.05, 0.1, 0.2 சதவீதங்களில் கலவை செய்து அளந்தேன். துகள் கூடக்கூடத் தெளிவு வெப்பநிலை இறங்கியது. புள்ளிகள் அளவுகோல் வைத்ததுபோல் நேர்கோட்டில் விழுந்தன. அப்படி நேராக விழுந்ததே என்னை எச்சரித்திருக்க வேண்டும்.

உடன் வேலை செய்யும் அக்கா ஒருவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "துகள் போடாமல் டொலுவீன் மட்டும் ஊற்றி ஒரு குப்பி செய்தாயா?" என்று கேட்டார். செய்யவில்லை. தூய 5சிபியோடுதான் ஒப்பிட்டிருந்தேன். அது டொலுவீனைக் கண்டதே இல்லை. அன்று மாலையே துகளில்லாத 0.5 மில்லிலிட்டர் டொலுவீனை 1 கிராம் 5சிபியில் ஊற்றி, அதே சோனிகேட்டர், அதே 60 டிகிரி, அதே இரண்டு மணி நேரம் என்று ஒன்றுவிடாமல் செய்து அளந்தேன். 33.5 டிகிரி. குப்பியை நிறுத்துப் பார்த்தால் 5சிபியின் எடையைவிட 3 மில்லிகிராம் கூடுதல். அவ்வளவும் வெளியேறாத டொலுவீன். 0.2 சதவீதக் கலவையில் இருப்புக் கரைசல் இரு மடங்கு, ஆகவே டொலுவீனும் இரு மடங்கு, உலர்த்திய நேரம் மட்டும் மாறவில்லை. நான் வரைந்த நேர்கோடு டொலுவீனின் கோடு.

அதன்பின் எல்லாக் குப்பிகளிலும், துகள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஊற்றும் டொலுவீனின் மொத்த அளவைச் சமமாக வைத்தேன். நைட்ரஜனுக்குப் பிறகு 60 டிகிரியில் வெற்றிட அடுப்பில் இரவு முழுதும் வைத்து, அடுத்தடுத்த இரு எடைகளுக்கு இடையே 0.2 மில்லிகிராமுக்கு மேல் வேறுபாடு இல்லை என்றாகும்வரை உலர்த்தினேன். இந்த எடைபோடும் வேலையில் சிறு சிறு வம்புகள் உண்டு. சூடான குப்பியைத் தராசில் வைத்தால் காற்றோட்டத்தால் எடை குறைவாகக் காட்டும். இருபது நிமிடம் ஆறவிட வேண்டும். கையுறையோடு கண்ணாடியைத் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறி இலக்கம் நில்லாமல் ஓடும். நான் குப்பியை இடுக்கியால் கழுத்தில் பிடித்தே தூக்குகிறேன். இப்படி உலர்த்திய துகளில்லாக் குப்பி 35.0 டிகிரிக்குத் திரும்பியது. துகளுள்ள குப்பி 34.9. இரண்டு வார வேலையும் அதோடு போயிற்று.

சிக்கல் அத்தோடு தீர்ந்ததென்று நினைத்தேன். உண்மையில் அங்கேதான் தொடங்கியது. டொலுவீன் முழுதும் வெளியேறிய கலவையை மறுநாள் சூடாக்கியபோது நிறம் சிவப்பாக இல்லை, ஊதா. ஒரு மில்லிமீட்டர் தடிமன் கொண்ட குவெட்டில் (அளவீட்டுக்கான கண்ணாடிக் கலத்தில்) 45 டிகிரியில் ஒளி உட்கவர்ச்சியை அளந்தால், டொலுவீனில் 519 நானோமீட்டரில் இருந்த முகடு 548க்கு நகர்ந்து அகன்றிருந்தது. அதாவது, இரண்டாம் கட்டத்தில் என் கலவை அழகாக இருந்ததற்குக் காரணமே அந்த 3 மில்லிகிராம் டொலுவீன்தான். எந்த எச்சம் என் அளவீட்டைப் பொய்யாக்கியதோ, அதே எச்சம்தான் துகள்களைப் பிரித்தும் வைத்திருக்கிறது.

இந்தச் சமயத்தில் இன்னொரு பொறியிலும் மாட்டினேன். மின்சாரம் கடத்தும் ஐடிஓ பூசிய கண்ணாடிகளில் பாலிஇமைடு தடவி, மூலக்கூறுகள் ஒரே திசையில் படுக்கும்படி வெல்வெட் துணியால் ஒரே திசையில் தேய்த்து, 10 மைக்ரோமீட்டர் இடைவெளியில் ஒட்டிய செல்லுக்குள் கலவையை 45 டிகிரியில் நுண்குழல் விசையாலேயே ஏறவிட்டேன். ஐசோட்ரோபிக் நிலையில்தான் நிரப்ப வேண்டும். நெமாட்டிக்காக இருக்கும்போது நிரப்பினால் ஓட்டத்தின் தடங்கள் அப்படியே தங்கிவிடும். அறை வெப்பநிலைக்கு வந்தபின் ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரண்டு போலரைசர்களுக்கு (ஒளியை ஒரே தளத்தில் அதிரவிடும் வடிகட்டிகளுக்கு) நடுவே பார்த்தால் முழுக்க இருட்டு. தேய்த்த திசை போலரைசரோடு ஒத்திருந்தால் இருட்டாகத்தானே இருக்கும், ஒழுங்கு கச்சிதமாக வந்திருக்கிறது என்று மகிழ்ந்து மேடையை 45 பாகை திருப்பினேன். பளிச்சென்று ஒளிர வேண்டிய இடம் அப்போதும் இருட்டு. எந்தக் கோணத்துக்குத் திருப்பினாலும் இருட்டு. நுண்ணோக்கியில், மூலக்கூறுகள் நிற்கும் திசையைக் காட்டும் கோனோஸ்கோப் வில்லையைச் செருகியதும் நடுவில் கரிய சிலுவை தெரிந்தது: மூலக்கூறுகள் கண்ணாடிக்கு இணையாகப் படுக்காமல் செங்குத்தாக நின்றுகொண்டிருந்தன. திரவத்தில் இடம் கிடைக்காத துகள்கள் கண்ணாடிப் பரப்பில் போய் ஒட்டி, அவற்றின் கொழுப்புத்தன்மையுள்ள சங்கிலிகள் திரவப் படிகத்தை நிமிர்த்திவிட்டிருக்கின்றன. நுண்ணோக்கியில் புள்ளியே தெரியாததால் விரவல் நன்று என்று தீர்ப்பெழுதுவது எவ்வளவு தவறு என்பது அப்போது விளங்கியது. ஒளி நுண்ணோக்கிக்கு 0.3 மைக்ரோமீட்டருக்குக் கீழுள்ள எதுவும் தனியாகத் தெரியாது; நூறு நானோமீட்டர்க் கட்டிகள் நிறைந்திருந்தாலும் படம் சுத்தமாகத்தான் இருக்கும். 10 மைக்ரோமீட்டர் செல்லில் சிவப்பு நிறமும் கண்ணுக்குத் தெரியாது. நிறத்தைக் குப்பியிலும் குவெட்டிலும்தான் பார்க்க வேண்டும், அதுவும் சூடாக்கித் தெளிந்த பிறகு.

மூன்றாம் மாதம் முழுவதும் மேலுறைக்கே போயிற்று. தொடெக்கேன்தயால் வெறும் கார்பன் சங்கிலி. டொலுவீனுக்கு உறவு, சயனோபைஃபினைலுக்கு அந்நியம். எனவே பத்துக் கார்பன் சங்கிலியின் ஒரு நுனியில் தங்கத்தைப் பற்றும் தயாலும் மறுநுனியில் 5சிபியைப் போன்ற சயனோபைஃபினைல் பகுதியும் கொண்ட லிகண்டை, அதாவது மேலுறை மூலக்கூறை, டொலுவீனில் துகள்களோடு சேர்த்து அறை வெப்பநிலையில் 24 மணி நேரம் கலக்கினேன். முழுதும் மாற்றுவது நோக்கமல்ல. பழையதும் புதியதும் ஏறக்குறையப் பாதிப் பாதி இருக்கும்படி அளவைப் பார்த்துக்கொண்டேன். முழுதும் மாற்றிப்பார்த்த பன்னிரண்டாம் எண் துகள் டொலுவீனிலேயே சரியாகக் கரையவில்லை.

இங்கே கழுவுவதுதான் உயிர்நாடி. எங்கள் தயாரிப்பு முறையில் டெட்ராஆக்டைல்அம்மோனியம் புரோமைடு என்ற உப்பு சேர்கிறது. முதல் தொகுதியை எத்தனாலில் ஒரே ஒருமுறை வீழ்த்தி (கரைசலிலிருந்து அடியில் படியவைத்து) கழுவியிருந்தேன். விளைவாக, செல்லுக்கு மிகக் குறைந்த அதிர்வெண்ணில் மின்னழுத்தம் கொடுத்தபோது திரவம் சுழித்துப் புரண்டது. எஞ்சிய அயனிகளின் வேலை அது. லிகண்டும் அப்படியே: துகளில் ஒட்டாமல் தனியே சுற்றும் தயால் டொலுவீனைப் போலவே தெளிவு வெப்பநிலையை இறக்கும். எனவே இம்முறை எத்தனால் சேர்த்துத் துகளை வீழ்த்தி, வேகமாகச் சுழற்றும் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேலே நிற்கும் திரவமான மேல்நீரை வடித்து, உலருமுன் மறுபடி டொலுவீனில் கரைப்பதை ஐந்து சுற்று செய்தேன். போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வடித்த மேல்நீரை வீசாமல், ஒவ்வொரு சுற்றின் மேல்நீரிலும் 0.5 மில்லிலிட்டரைப் புதிய 5சிபியில் ஊற்றி, அதே முறையில் உலர்த்தி, தெளிவு வெப்பநிலையை அளந்தேன். முதல் சுற்று மேல்நீர் 0.9 டிகிரி இறக்கியது, மூன்றாவது 0.2, ஐந்தாவதில் வேறுபாடு தெரியவில்லை. இந்த ஒரு சோதனைக்குத் துகளே தேவையில்லை, ஒரு பொட்டு 5சிபியும் ஒரு நாளும் போதும்.

புதிய துகள்களோடு செய்த பதிமூன்றாம் கலவை, உலர்ந்த பிறகும் சிவப்பாகவே நின்றது. ஆனால் செல்லில் குளிர்வித்தபோது கோடுகள் விழுந்தன. சூட்டு மேடையை நிமிடத்துக்கு 0.5 டிகிரி இறக்கிக்கொண்டே நுண்ணோக்கியில் பார்த்தேன். 35 டிகிரியை ஒட்டி இருண்ட புலத்தில் ஒளிரும் சிறு துளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்தன. அவை நெமாட்டிக் துளிகள். ஒவ்வொன்றும் ஊதிப் பெருத்துப் பக்கத்துத் துளியை நெருங்க, இரண்டுக்கும் நடுவில் மிஞ்சிய ஐசோட்ரோபிக் இடுக்கு ஒரு மயிர்க்கோடாகச் சுருங்கிப் பழுப்பேறியது. வளரும் துளி துகள்களைத் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போய் அந்த இடுக்கில் கொட்டுகிறது. எல்லாம் நெமாட்டிக்கான பின்னும் அந்தப் பழுப்பு வலை மறையவில்லை. அதே செல்லை மீண்டும் 45 டிகிரிக்கு ஏற்றி, வலை கரைந்த பிறகு, 18 டிகிரியில் இருந்த தடித்த அலுமினியக் கட்டைமேல் சட்டென்று வைத்தேன். துளிகளுக்கு வளர நேரம் கிடைக்கவில்லை, துகள்கள் இருந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டன, கோடுகள் இல்லை. பழைய துகள்களிலும் இதைச் செய்து பார்த்தேன். வலை குறைந்தது, ஆனால் இரண்டு நாளில் புள்ளிகள் திரும்பின. மேலுறை சரியில்லாத கலவையை வேகமாகக் குளிர்விப்பது காலத்தைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

பதினான்காம் குப்பி இவை எல்லாம் சேர்ந்தது: பாதிப் பாதி மேலுறை, ஐந்து கழுவல், தொட்டி சோனிகேட்டரில் மூன்று முறை பத்துப் பத்து நிமிடம், வெற்றிடத்தில் நிலையான எடை வரை உலர்த்தல், அலுமினியக் கட்டையில் குளிர்வித்தல். இருபத்தொரு நாளில் முகடு 519இலிருந்து 522 நானோமீட்டருக்கு மட்டுமே நகர்ந்தது. தெளிவு வெப்பநிலை 35.0, அதன் துகளில்லா இணைக்கும் 35.0. செல்லில் 45 பாகையில் பளிச்சென்ற ஒளி, 1 கிலோஹெர்ட்ஸில் மூலக்கூறுகள் திரும்பத் தொடங்கும் மின்னழுத்தம் 0.74 வோல்ட், இணைக்கு 0.75. அளவீட்டுப் பிழைக்குள் இரண்டும் ஒன்றே. அதாவது, இவ்வளவு பாடுபட்டுத் துகள்களைச் சரியாக விரவிய பிறகு, 0.1 சதவீதத்தில் நான் அளந்த எதுவும் மாறவில்லை. இரண்டாம் மாதத்தில் துள்ளிக் குதிக்க வைத்த மாற்றங்கள் எல்லாம் டொலுவீனும் தயாலும் உப்பும் செய்தவை. 0.5 சதவீதத்தையும் முயன்றேன். மூன்றாம் நாள் ஊதா, ஆறாம் நாள் அடியில் படிவு.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் 1 கிராம் கணக்கில் 5சிபியைச் செலவழிக்க மாட்டேன். 250 மில்லிகிராமில் எல்லாமே அளக்க முடிகிறது, உலர்வதும் விரைவு. தோல்வியடைந்த குப்பிகளில் மட்டும் ஒன்பது கிராமுக்கு மேல் கொட்டியிருக்கிறேன். ஒவ்வொரு சிட்டையிலும் செறிவு, நாள் ஆகியவற்றோடு குளிர்வித்த வேகத்தையும் எழுதுவேன்; நான்காம், ஏழாம் குப்பிகளை எப்படிக் குளிர்வித்தேன் என்பது தெரியாததால் அவற்றின் படங்கள் பயனற்றுக் கிடக்கின்றன. முனைவகை சோனிகேட்டரைத் தொடமாட்டேன். துகளுள்ள குப்பியைத் தொடங்கும் அதே நிமிடத்தில், அதே அளவு டொலுவீனோடு, துகளில்லாத குப்பியையும் பக்கத்தில் வைப்பேன்.

பதினைந்தாம் எண் 0.2 சதவீதம். நேற்றிரவிலிருந்து வெற்றிட அடுப்பில் தன் இணையோடு இருக்கிறது. காலையில் நிறுத்தபோது இணைக் குப்பியில் இன்னும் 0.4 மில்லிகிராம் கூடுதலாக இருந்ததால், இரண்டையும் மறுபடி உள்ளே வைத்திருக்கிறேன்.